கர்ப்ப காலத்தில் பிரஷர்: அனுபவப்பட்ட அக்காமார் சொல்லுங்களேன்

வணக்கம். சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறேன். 40 வயதில் முதல் குழந்தை, இப்போது 13 வாரம். பிரஷர் இதுவரை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வயது, முதல் கர்ப்பம், உடல் எடை, அம்மாவுக்கும் என்னைச் சுமந்தபோது பிரஷர் ஏறியது என்று எல்லாம் சேர்ந்துகொண்டதால், 20 வாரத்துக்குப் பிறகு எனக்கும் ஏற வாய்ப்பு அதிகமாம். அதனால் டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்திருக்கிறார், தினம் இரவில் ஒன்று. 16 வாரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் என்றார். மாமியாரோ, உப்பைக் குறைத்தால் போதாதா என்கிறார். (ஊறுகாய் பாட்டிலை ஒளித்தும் வைத்துவிட்டார்!) மாத்திரையை நான் நிறுத்தப்போவதில்லை. கேட்க வந்தது வேறு.

வீட்டில் அளக்க, மேல்கையில் கட்டும் பிரஷர் மெஷின் வாங்க வேண்டும். எனக்குக் கை கொஞ்சம் பருமன். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டுமாம். பெரிய பட்டையோடு, கர்ப்பிணிகளுக்குச் சரிவரும் என்று சோதித்த மெஷின் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்?

அப்புறம், 140/90 தாண்டி, கூடவே விடாத தலைவலியோ கண் மங்கலோ வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நேராக கேகே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போனீர்களா, உங்கள் டாக்டரைக் கூப்பிட்டீர்களா?