தொடை எலும்பில் ராடு வைத்து 6 வாரம்: முட்டி 60 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை

நெடுஞ்சாலை: கார் விபத்தில் தொடை எலும்பு நடுவில் முறிந்து உள்ளே ராடு வைத்த கேஸ். எலும்பு கூடத் தொடங்கியிருக்கிறது, பாதி எடை ஊன்றலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முட்டிதான் 60 டிகிரியோடு நிற்கிறது. முழுசாக நீளவும் இல்லை. யாராவது பிடித்து அழுத்தி மடக்கலாமா?

தசைநார்: கூடவே கூடாது. அடிபட்ட தொடைத் தசை எலும்போடு ஒட்டிப்போவதால்தான் இந்த இறுக்கம். பலவந்தமாக மடக்கினால் தசை கிழிந்து உள்ளே ரத்தம் கட்டும். அதற்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிட்டால் இருக்கிற 60-ம் போய்விடும்.

மடக்குவதைவிட நீட்டுவது அவசரம். நீளாத முட்டியோடு நடந்து பழகினால் நொண்டல் நிரந்தரமாகிவிடும். முட்டிக்கு அடியில் தலையணை வைத்திருந்தால் இன்றே எடுங்கள். இதமாகத்தான் இருக்கும், கெடுப்பதும் அதுதான். பதிலாகச் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியை அந்தரத்தில் 10 நிமிடம் விடுங்கள், நாளுக்கு 3, 4 தடவை. இடையிடையே தொடையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள்.

மடக்க: மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டைக் கோத்து, குதிகாலை மெத்தையில் இழுத்துக்கொண்டே வாருங்கள். அடியில் பாலித்தீன் கவர் போட்டால் வழுக்கும். இறுக்கம் தெரியும் இடத்தில் 10 விநாடி. 10 தடவை, நாளுக்கு 4 வேளை. ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்தால் வீக்கம்தான் மிச்சம்.

பலர் விட்டுவிடுவது முட்டிச் சில்லு. காலை நீட்டித் தொடையைத் தளர்த்தி, கட்டைவிரலால் சில்லை மேலும் கீழும் பக்கவாட்டிலும் மெல்ல நகர்த்துங்கள். அது நகராமல் முட்டி மடங்காது.

நெடுஞ்சாலை: வலி எவ்வளவு வரை பரவாயில்லை? பாதி எடையை எப்படிக் கணக்கிடுவது?

கட்டைவண்டி: பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்தில் வலி அடங்க வேண்டும். மறுநாள் காலை முட்டி கூடுதலாக வீங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

எடைக்கு, எடை பார்க்கும் மெஷின் போதும். அக்குளில் வைக்கும் ஊன்றுகோல் கட்டைகளைப் பிடித்தபடி அடிபட்ட காலை அதன்மேல் வைத்து, முள் பாதி எடைக்கு வரும்வரை அழுத்துங்கள். நாலைந்து முறையில் காலுக்கே பழகிவிடும். கட்டையின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும், பாரம் உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் நரம்பு நசுங்கி மணிக்கட்டு துவளும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது கட்டையும் அடிபட்ட காலும் முதலில்.

தசைநார்: ஒன்று விட்டுப்போச்சு. கெண்டைக்கால் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால் தேய்த்துவிடாதீர்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு. பயிற்சி செய்தும் சில வாரங்களாக டிகிரி ஏறவே இல்லை என்றால் சர்ஜனிடம் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிடுவது ஒட்டல் முற்றுவதற்கு முன்தான் எளிது.