கேமன் எஸ், எம்எக்ஸ்-5 இரண்டையும் குடுத்து ஒரு மக்கான் ஜிடிஎஸ் எடுக்கலாமோ?

பனிமூட்டம்:

வணக்கம். கராஜ்ஜில இப்ப நிக்கிறது 2014 போர்ஷே கேமன் எஸ் (981 எண்ட மொடல், மனுவல் கியர்), 2016 மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டிலயும் இருக்கை இரண்டுதான். ஒக்டோபரில பிள்ளை வருது. ரொறன்ரோ ஸ்காபரோப் பனியில நவம்பரில இருந்து ஏப்ரல் வரைக்கும் இரண்டும் சும்மா கிடக்கும். இரண்டையும் குடுத்துப்போட்டு, ஓட்டத்திலயும் குறை வைக்காத ஒரு எஸ்யூவி எடுக்கிற எண்ணம். மனம் 2020 போர்ஷே மக்கான் ஜிடிஎஸ்ஸில நிக்குது. டீலர் 62,000 டொலர் கேக்கிறார். என்ர இரண்டுக்கும் சேர்த்து 55,000 தாறன் எண்டுறார்.

டீலரிட்டயே குடுக்கிறதோ, தனியா விக்கிறதோ? 2017, 2018 ஜிடிஎஸ் மலிவாக் கிடக்குது, அதை விட்டிட்டு 2020க்குக் கூடக் குடுக்கிறதில அர்த்தம் இருக்கோ? வாங்க முதல் எதைப் பாக்கோணும்? பிஎம்டபிள்யூ எக்ஸ்3 எம் பற்றியும் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

கணக்குப்பிள்ளை:

வரியை முதலில் பாருங்க அண்ணா. ஒன்டாரியோவில் பழைய வண்டியை டீலரிடம் கொடுத்து வேறு வண்டி எடுத்தால், 13% எச்எஸ்டி (விற்பனை வரி) வித்தியாசத் தொகைக்கு மட்டும்தான். உங்கள் கணக்கில் 62,000 கழித்தல் 55,000, மிச்சம் 7,000. அதற்கு வரி 910. தனியாக விற்றுவிட்டு டீலரிடம் எடுத்தால் முழு 62,000க்கும் வரி 8,060. இடையில் 7,150 டாலர். அதாவது தனியாக விற்கும்போது இரண்டும் சேர்ந்து 62,150க்கு மேல் போனால்தான் உங்களுக்கு லாபமே ஆரம்பிக்கிறது. அதிலும் யூவிஐபி (பழைய வண்டி விவரத் தொகுப்பு) எடுக்கணும், சேஃப்டி சர்டிபிகேட் கேட்பார்கள், தெரியாத ஆட்களிடம் சாவியைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்லணும்.

ஆனால் டீலரிடம் மக்கானின் விலையை முதலில் எழுத்தில் வாங்குங்க. உங்கள் வண்டிகளின் பேச்சை அதற்குப் பிறகுதான் எடுக்கணும். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் ஒரு பக்கம் ஏற்றி மறு பக்கம் இறக்கிவிடுவார்கள், எங்கே விட்டோம் என்றே தெரியாது. பழைய வண்டிகளின் தொகை அதே பில்லில் தனிப் பதிவாக இருக்கணும். இல்லையென்றால் வரிக் கழிவு கிடைக்காது.

ஸ்பானர்12:

2020க்குக் கூடக் குடுங்கோ. 360 குதிரைவலு, 380 குதிரைவலு எண்ட வித்தியாசத்துக்காக இல்லை. அது றோட்டில பெரிசாத் தெரியாது. காரணம் எஞ்சின்தான். 2018 வரைக்கும் ஜிடிஎஸ்ஸில வந்தது 3.0 லீற்றர் இரட்டை ரேர்போ வி6. 2020இல வந்தது 2.9 லீற்றர், ரேர்போ இரண்டும் சிலிண்டர் வரிசைகளின்ர 'வி' வடிவத்துக்கு உள்பக்கம் இருக்கிற வேற எஞ்சின்.

பழைய 3.0இல ரைமிங் கவர் கசிவு எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி. எஞ்சின்ர முன்பக்கத்தில ரைமிங் செயினை மூடுற கவரைப் பிடிக்கிற அலுமினியம் போல்ட்டுகளின்ர தலை நாளடைவில முறியும், பிடி தளரும், எண்ணெய் கசியும். சாமான் விலை பெரிசில்லை. எஞ்சினைக் கீழ இறக்கித்தான் அந்தக் கவரைக் கழட்டலாம் எண்டபடியால் கூலி ஆயிரக்கணக்கில போகும். விலை பாத்து 2017, 2018தான் எடுக்கிறியள் எண்டால், லிஃப்டில ஏத்தி அடித்தட்டைக் கழட்டி, கைக்கண்ணாடியும் ரோர்ச்சும் வைச்சுக் கவரின்ர இரண்டு விளிம்பையும் பாருங்கோ. ஈரத்தில தூசி ஒட்டிக் கறுத்த கோடு இருந்தால் விட்டிடுங்கோ. எஞ்சின் பகுதியைப் புதுசாக் கழுவித் துடைச்சு வைச்சிருந்தால் இன்னும் கவனம்.

இரண்டாவது, ட்ரான்ஸ்ஃபர் கேஸ். மக்கானில சக்தி இயல்பாப் பின்சில்லுக்குப் போகும்; முன்சில்லுக்கு வேணுமான அளவை இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற கிளட்ச் தகடுகள்தான் பிரிச்சுக் குடுக்கும். உள்ள இருக்கிற எண்ணெய் பழுதாகினால் தகடுகள் பிடிச்சுப் பிடிச்சு விடும். வாகனத்தை இருபது நிமிஷம் ஓடிச் சூடாக்கிப்போட்டு, மெல்லிய ஏத்தத்தில மணிக்கு 30இல இருந்து 60 வரைக்கும் அக்சிலறேற்றரைக் கொஞ்சமா மட்டும் அமத்துங்கோ. பின்னால ஆரோ பிடிச்சு இழுத்து விடுறமாதிரி வெட்டினால் அதுதான். நல்லா அமத்தினால் வெட்டு மறைஞ்சுபோகும். அதாலதான் கனபேர் ஓடிப் பாக்கேக்க தவறவிடுறவை. கியர்பொக்ஸ் எண்டோ ஸ்பார்க் பிளக் எண்டோ நினைச்சு வீண் செலவு செய்யிறதும் உண்டு. முதல் எண்ணெயை மாத்தி, கணினியில கிளட்ச் அளவை மறுபடி பதியோணும். பதியாமல் விட்டால் புது எண்ணெயிலயும் வெட்டும். அதுக்கும் சரிவராட்டில் பெட்டியையே மாத்த வேண்டி வரும்.

பிறகு முன்பக்கக் கன்ட்ரோல் ஆம் (சில்லை வண்டியோட பிடிக்கிற கை) ரப்பர் புஷ். வேகத்தடையில மெதுவா ஏறி இறங்கேக்க 'டொக்' எண்டு கேட்டால் வெடிச்சிருக்கும். எயார் சஸ்பென்ஷன் பூட்டினது எண்டால், முதல் நாள் பின்னேரம் நாலு சில்லிலயும் சில்லின்ர நடுவில இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்துபோட்டு, அடுத்த நாள் காலமை ஸ்டார்ட் பண்ண முதல் திரும்ப அளவுங்கோ. ஒரு மூலை மட்டும் பதிஞ்சிருந்தால் காத்துக் கசியுது.

எக்ஸ்3 எம்: எஞ்சின் அருமை, பின் இருக்கையிலயும் இடம் கூட. ஆனால் ஏறக்குறைய இரண்டு தொன், 2020, 2021 மொடல்களின்ர சஸ்பென்ஷன் கல்லு மாதிரி. கைக்குழந்தையோட ரொறன்ரோக் குழி றோட்டில வேண்டாம்.

ஐந்துபோல்ட்:

டயரைப் பற்றியும் சொல்லணும், ஏனென்றால் மேலே சொன்ன பெட்டி கெடுவதற்கு டயரும் ஒரு காரணம். மக்கானில் முன்னும் பின்னும் அளவு வேறு. 20 அங்குலத்தில் முன்னால் 265/45, பின்னால் 295/40 (முதல் எண் அகலம் மில்லிமீட்டரில், அடுத்தது பக்கச்சுவர் உயரம் அதன் சதவீதத்தில்). அதனால் முன் பின் மாற்றிப் போட முடியாது. ஒன்று பஞ்சராகிப் பழுது பார்க்க முடியாவிட்டால், அந்த அச்சில் இரண்டையும் மாற்றுங்க. ஒரே அச்சில் தேய்ந்ததும் புதிதும் இருந்தாலும், முன்னும் பின்னும் வேறு வேறு கம்பெனி டயர் இருந்தாலும், சுற்றளவு வித்தியாசத்தால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிளட்ச் நேர் ரோட்டிலும் ஓயாமல் வழுக்கிச் சூடாகும். வாங்கும்போது நான்கு டயரின் தேய்மானத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்க.

குளிர்காலத்துக்கு 19 அங்குல ரிம்: முன்னால் 235/55, பின்னால் 255/50. பக்கச்சுவர் உயரம், குழியில் ரிம் வளையாது. ஆனால் அந்த வண்டியில் பிஎஸ்சிபி பிரேக் (மேற்பூச்சுப் போட்ட தகடு) போட்டிருந்தால் 20க்குக் கீழே ரிம் ஏறாது. முதலில் அதைக் கேளுங்க. பழைய சாமான் விளம்பரத்தில் 'போர்ஷே ரிம்' என்று பார்த்து ஏமாறாதீங்க. கேமன், கயென் எல்லாம் 5×130 (ஐந்து போல்ட், 130 மில்லிமீட்டர் வட்டத்தில்). மக்கான் மட்டும் ஆடி க்யூ5 மாதிரி 5×112. போல்ட் இறுக்கம் 160 நியூட்டன் மீட்டர், நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்க்கணும். வெயில்கால டயர் 7 டிகிரிக்குக் கீழே இறுகிவிடும், நான்குசக்கர இழுவை இருந்தும் பிரேக்கில் உதவாது. விண்டர் டயர் போட்டால் ஒன்டாரியோவில் இன்ஷூரன்ஸ் தள்ளுபடி உண்டு; கேட்டு வாங்குங்க.

சாம்பல்நிலா:

குழந்தை இருக்கையை வாங்கி, அதையும் கொண்டுபோய் டீலரிட்டப் பூட்டிப் பாருங்கோ. மக்கானின்ர பின் இருக்கை வெளிய பாக்கிற அளவுக்கு உள்ள பெரிசில்லை. பின்னோக்கின இருக்கையைப் பூட்டினால் முன் இருக்கை கனக்க முன்னுக்கு வரோணும். உயரமான ஆள் அதில இருக்கேலாது. உங்கட துணைவியாரை முன்னால இருத்தி, முழங்கால் டாஷ்போர்ட்டில இடிக்குதோ எண்டு பாருங்கோ. இருக்கையில கனடாத் தேசியப் பாதுகாப்புக் குறி இருக்கோணும். அமெரிக்காவில வாங்கினதில அது இராது, இங்க பாவிக்கிறது சட்டப்படி பிழை.

மற்றது, இரண்டையும் ஏன் குடுக்கிறியள்? எஸ்யூவி எவ்வளவு வேகமா ஓடினாலும் கிட்டத்தட்ட 1,900 கிலோ. எம்எக்ஸ்-5 1,100 கிலோகூட இல்லை. வளைவில அந்தச் சுகத்தை மக்கான் தராது. கேமனை மட்டும் குடுங்கோ. எம்எக்ஸ்-5 நிக்கட்டும், குளிர்காலத்தில ஓடாத நாளுக்கு ஓபிசிஎஃப் 16 (ஓட்டத்துக்கான காப்புறுதியை இடைநிறுத்திற இணைப்பு) போட்டால் இன்ஷூரன்ஸ் குறையும். விக்கத்தான் வேணுமெண்டாலும் ஏப்ரல் வரைக்கும் பொறுங்கோ, கூரை திறக்கிற காருக்கு அப்பதான் ஆள் வரும்.

பனிமூட்டம்:

எல்லாருக்கும் நன்றி. எம்எக்ஸ்-5ஐ வைச்சிருக்கிறது எண்டு முடிவு. கேமனை மட்டும் குடுக்கேக்க விலையைக் குறைக்க டீலர் எதைப் பிடிப்பார்?

ஸ்பானர்12:

மனுவல் எண்டபடியால் ஓவர்-ரெவ் பதிவு. பிழையான கியருக்கு இறக்கி எஞ்சின் எல்லை தாண்டிச் சுத்தியிருந்தால் கணினியில ஆறு படியாப் பதிஞ்சிருக்கும். நாலாம் படிக்கு மேல எண்ணிக்கை இருந்தால் அதை வைச்சுத்தான் குறைப்பினம். போக முதல் நீங்களே ஒரு கராஜ்ஜில வாசிச்சு, அச்சடிச்ச தாளைக் கையில கொண்டு போங்கோ.