கணினிக் குற்ற வழக்கும் அமெரிக்க கோர்ட்டும்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பிளேனோ, டெக்சாஸ்

வணக்கம். பதினெட்டு வருடமாக சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு முதன்முறையாக ஜூரி சம்மன் வந்தது, அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவுக்கான தேர்வு அழைப்பு, ஷெர்மன் ஊரில் இருக்கும் பெடரல் கோர்ட்டிலிருந்து. நம்மவர்கள் பலர் அந்த உறையைப் பார்த்ததும் எப்படித் தட்டிக் கழிக்கலாம் என்றுதான் யோசிக்கிறார்கள். நான் ஆசையோடு போனேன்.

நாற்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். வழக்கு என்ன என்று ஜட்ஜ் சொன்னதும் நிமிர்ந்துவிட்டேன். வேலையை விட்டுப் போன ஒருவர் பழைய பாஸ்வேர்டை வைத்து கம்பெனி சர்வருக்குள் நுழைந்தார் என்று குற்றச்சாட்டு. சி.எஃப்.ஏ.ஏ. என்கிறார்களே, 1986-இல் வந்த கம்ப்யூட்டர் மோசடிச் சட்டம், அதன் கீழ் வழக்கு.

கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள் கை தூக்கினோம். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் என்னைப் பார்த்து, "போனவருடைய பாஸ்வேர்டைக் கம்பெனி மூடாமல் விட்டால் அது யார் தப்பு?" என்று கேட்டார். "கம்பெனி தப்புதான். அதற்காக உள்ளே போக உரிமை வந்துவிடாது" என்றேன். மதியம் ஜூரி பெயர்களை வாசித்தபோது என் பெயர் இல்லை. பெடரல் கோர்ட்டில் இந்த மாதிரி பெரிய குற்ற வழக்கென்றால் காரணமே சொல்லாமல் அரசுத் தரப்பு 6 பேரையும் எதிர்த் தரப்பு 10 பேரையும் நீக்கலாம். அந்தப் பத்தில் நான் போயிருப்பேன். ஒரு நாள் படி 50 டாலர்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனம் அதிலேயே இருந்தது. இதே டல்லாஸ் வட்டாரத்தில் நடந்த ஒரு வழக்கைத் தேடிப் படித்தேன். 2011 டிசம்பரில் ஒரு கம்பெனி அட்மின், கூட வேலை செய்த நண்பரை நீக்கிய கோபத்தில், ஒரு வாரக்கடைசி முழுக்க உட்கார்ந்து 615 பேக்கப் ஃபைல்களை அழித்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். கோர்ட்டில் அவருடைய வாதம்: "ஃபைல் அழிப்பது என் வேலையின் ஒரு பகுதி. முழு அனுமதியும் கம்பெனியே கொடுத்தது. அப்படியிருக்க இது அனுமதியில்லாத சேதம் எப்படி ஆகும்?" 2016-இல் ஜூரி அதை ஏற்கவில்லை. 2017-இல் ஐந்தாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட்டும் ஏற்கவில்லை. வேலைக்காக அழிக்கக் கொடுத்த அனுமதி, கம்பெனியை முடக்கக் கொடுத்த அனுமதி ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். ஏற்கெனவே சிறையில் இருந்த நான்கு மாதமே தண்டனையாகக் கணக்கானது. இழப்பீடு மட்டும் 1,30,000 டாலருக்கு மேல்.

தீர்ப்பு சரியென்றே நினைக்கிறேன். ஆனால் எதையும் செய்ய விடும் ரூட் பாஸ்வேர்டைக் கையில் வைத்திருக்கும் நம்மில் எத்தனை பேர் 'அனுமதி' என்ற சொல்லை இவ்வளவு தூரம் யோசித்திருப்போம்? உங்களில் யாருக்காவது இந்தச் சட்டத்தோடு நேர்ப் பழக்கம் உண்டா?

கம்மிங், ஜார்ஜியா

அண்ணா, எங்கள் ஊர் வழக்குதான் சுப்ரீம் கோர்ட் வரை போனது. வான் பியூரன் வழக்கு. அவர் இந்தக் கம்மிங் போலீஸில் சார்ஜென்ட். ஒரு ஆளிடம் கடன் கேட்டார், அந்த ஆள் பேச்சைப் பதிவு செய்து ஷெரிஃப் அலுவலகத்தில் கொடுத்துவிட்டார். அப்புறம் எஃப்.பி.ஐ. வலை விரித்தது. ஒரு பெண்ணின் கார் நம்பரைப் பார்த்துச் சொல்ல சுமார் 5,000 டாலர். தன் சொந்த பாஸ்வேர்டில், தனக்கு அனுமதியுள்ள போலீஸ் டேட்டாபேஸில்தான் பார்த்தார். அதற்கு 18 மாதச் சிறை.

கொரோனா காலம் என்பதால் சுப்ரீம் கோர்ட் வாதங்களைத் தொலைபேசியில் நடத்தி, எல்லோரும் கேட்கும்படி நேரலையில் விட்டார்கள். 2020 நவம்பர் 30 அன்று நானும் என் மகளும் சமையலறையில் உட்கார்ந்து கேட்டோம். அவளுக்குப் பதினாறு வயது. பாதி புரியவில்லை. ஆனால் நாட்டின் மிக உயர்ந்த ஜட்ஜுகள் எங்கள் ஊர் போலீஸ்காரரின் கம்ப்யூட்டரைப் பற்றி மாறி மாறிக் கேள்வி கேட்டதை இருவரும் மறக்கவில்லை.

2021 ஜூன் 3-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அவருக்குச் சாதகமாக 6-3. எழுதியவர் ஜட்ஜ் ஏமி கோனி பாரெட். சட்டத்தில் 'அவ்வாறு' என்று ஒரு குட்டிச் சொல் வருகிறது. அதற்கு என்ன பொருள் என்றே பல பக்கம் எழுதியிருக்கிறார். சாரம் இதுதான்: கம்ப்யூட்டரில் உனக்கென்று திறந்த பகுதி, உனக்கு மூடிய பகுதி என்று உண்டு. மூடியதற்குள் போனால் குற்றம். திறந்ததற்குள் போய்க் கெட்ட நோக்கத்தில் பார்த்தால், வேறு சட்டத்தில் தப்பாக இருக்கலாம், இந்தச் சட்டத்தில் இல்லை. இல்லையென்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த மெயில் அனுப்புகிறவர்களும் குற்றவாளி ஆவார்கள் என்றார். எதிர்த்து எழுதிய ஜட்ஜ் கிளாரன்ஸ் தாமஸ், ஓட்டல் வாசலில் கார் நிறுத்தித் தரும் வாலே ஆளை உதாரணம் காட்டினார்: சாவி கொடுத்தது நிறுத்தத்தான், ஊர் சுற்ற இல்லை.

எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் என் மகளை வைத்துப் பார்த்தால் தாமஸ் பக்கம் மனம் சாய்கிறது.

எடிசன், நியூஜெர்சி

சுருக்கமாகச் சொல்கிறேன். என் சிறிய கன்சல்டிங் கம்பெனியில் பிரிந்து போன பார்ட்னர் என் மீது இதே சட்டத்தில் சிவில் வழக்குப் போட்டார். ஜெயிலுக்கு அனுப்பும் சட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். பாதிக்கப்பட்டவர் நஷ்ட ஈடு கேட்டும் வரலாம் என்று அன்றுதான் தெரிந்தது. பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் 5,000 டாலராவது நஷ்டம் காட்ட வேண்டும். அதில் என்ன நடந்தது என்று ஆராய்ந்த செலவையும் சேர்க்கலாம். ஒரு நிபுணரின் பில்லே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் சமரசத்தில் முடிந்தது.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி, "சர்வர் எந்த ஊரில்?" இங்கே ஐபேட் வாடிக்கையாளர்களின் மெயில் முகவரிகளை எடுத்த ஒருவருக்கு நியூஜெர்சியில் 41 மாதம் தண்டனை கொடுத்தார்கள். ஆளும் இங்கே இல்லை, சர்வரும் இங்கே இல்லை. 2014 ஏப்ரலில் மூன்றாம் சர்க்யூட் அப்பீல் கோர்ட் அந்த ஒரே காரணத்துக்காகத் தண்டனையை ரத்து செய்தது. அந்த மனிதரின் கொள்கைகள் எனக்கு அருவருப்பானவை. இருந்தாலும் எந்த ஊர் கோர்ட் என்பது சின்ன விஷயம் இல்லை.

சியாட்டில்

நான் செக்யூரிட்டி டெஸ்டிங் செய்கிறவள். ஒரு சேவையில் என் கணக்கு எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினால் வேறொருவரின் மருத்துவ பில் வந்தது. இரண்டு பதிவைப் பார்த்ததோடு நிறுத்திவிட்டு அவர்களுக்கே எழுதினேன். பதிலுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது, சி.எஃப்.ஏ.ஏ. என்று கொட்டை எழுத்தில். மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை.

நல்லெண்ணத்தோடு பாதுகாப்பு ஆராய்ச்சி செய்பவர்கள் மீது இந்தச் சட்டத்தில் வழக்குப் போடக் கூடாது என்று 2022 மே மாதம் பெடரல் அரசின் நீதித் துறை கொள்கை அறிவித்தது. அதைக் காட்டித்தான் என் வக்கீல் பதில் எழுதினார், விஷயம் அடங்கியது. ஆனால் அந்தக் கொள்கை பெடரல் அரசுத் தரப்பு வக்கீல்களை மட்டும்தான் கட்டும். மாநிலச் சட்டம் தனி, கம்பெனி போடும் சிவில் வழக்கு தனி. மாநிலங்களில் இந்தச் சட்டம் பெடரலுக்கும் முந்தியது, ஃப்ளோரிடா 1978-லேயே கொண்டுவந்துவிட்டது.

அயோவாவில் நடந்ததை எங்கள் துறையில் யாரும் மறக்க மாட்டோம். மாநில கோர்ட் நிர்வாகமே கோர்ட் கட்டடங்களின் பாதுகாப்பைச் சோதிக்க ஒரு கம்பெனியை அமர்த்தியது. 2019 செப்டம்பர் 11, நள்ளிரவுக்குப் பிறகு, ஏடல் ஊரில் டல்லாஸ் கவுண்டி கோர்ட் கட்டடத்துக்குள் இரண்டு டெஸ்டர்கள் நுழைந்தார்கள், அலாரம் அடித்தது. ஓடாமல் நின்று அனுமதிக் கடிதத்தைக் காட்டினார்கள். முதலில் வந்த போலீஸ்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிறகு வந்த ஷெரிஃப், கட்டடம் கவுண்டிக்குச் சொந்தம், மாநிலம் அனுமதி கொடுக்க முடியாது என்று கைது செய்துவிட்டார். கன்னமிட்டு நுழைந்ததாக வழக்கு. அத்துமீறல் என்று குறைத்து, 2020 ஜனவரியில்தான் கைவிட்டார்கள். கையில் கடிதம் வைத்திருந்தவர்களுக்கே இந்தக் கதி. அதனால் இப்போதெல்லாம் அனுமதிக் கடிதம் கையில் வந்ததும், கையெழுத்துப் போட்டவருக்கு அந்த உரிமை உண்டா என்று கேட்டு எழுதுகிறேன். சிலர் எரிச்சல் அடைகிறார்கள். அடையட்டும்.

கொலம்பஸ், ஒஹாயோ

இதை இங்கே எழுதலாமா என்று யோசித்தேன். என் மச்சானுக்கு நடந்தது. எச்-1பி வேலை விசாவில் இருந்தான். வேலையிலிருந்து நிறுத்திய பிறகும் நான்கு நாள் லாகின் வேலை செய்தது. கிரீன் கார்டு காகிதங்களையும் பே ஸ்லிப்பையும் எடுக்க உள்ளே போனான். ஃபோல்டர் முழுக்கத் தானாக சிங்க் ஆகி (நகலாகி), கம்பெனி ஃபைல்களும் ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தன.

சில மாதம் கழித்துக் காலை ஆறரைக்கு எஃப்.பி.ஐ. வாரண்டோடு வந்தது. பயத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினான், வக்கீல் இல்லாமல். பெடரல் அதிகாரியிடம் தெரிந்தே பொய் சொன்னால் அதுவே ஐந்து வருடம் வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம். பேசாமல் இருக்கும் உரிமை விசாவில் இருப்பவருக்கும் உண்டு. இரண்டுமே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தங்கச்சி வாசலில் குழந்தையோடு நின்றிருக்கிறாள்.

அரசுத் தரப்பு, சின்னக் குற்றமாக ஒப்புக்கொண்டால் ஜெயில் இருக்காது என்றது. பெடரல் வழக்குகளில் பத்தில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்டுதான் முடிக்கிறார்கள், அவனும் அந்த மனநிலைக்கு வந்துவிட்டான். வக்கீல்தான் தடுத்தார். மோசடிக் குற்றத்தில் நஷ்டம் 10,000 டாலரைத் தாண்டினால் நாடு கடத்தல் ஏறக்குறைய நிச்சயம், கிரீன் கார்டு இருந்தாலும். ஒப்புக்கொண்டால் விசா என்ன ஆகும் என்று வக்கீல் சொல்லியே ஆக வேண்டும் என 2010-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கிறதாம். எங்கள் வக்கீல் நஷ்டக் கணக்கை வரி வரியாக உடைத்தார். பதினான்கு மாதம் கழித்து, வழக்குப் போடவில்லை என்று ஒரு பத்திக் கடிதம் வந்தது. எஃப்.பி.ஐ. எடுத்துப் போன லேப்டாப், பையில் லேபிள் ஒட்டித் திரும்பி வந்தது. இன்னும் அதை அவன் திறக்கவில்லை, அலமாரியில் அப்படியே இருக்கிறது.

பிளேனோ, டெக்சாஸ்

கொலம்பஸ் சகோதரிக்கு: எழுதியதற்கு நன்றிம்மா. பேசாமல் இருக்கும் உரிமையைப் பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் தமிழ்ச் சங்கக் குழுவில் உங்கள் பெயர் இல்லாமல் போடலாமா?

தீர்ப்புகளை எங்கே படிப்பது என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். பெடரல் கோர்ட் ஆவணங்கள் பேஸர் (PACER) இணையதளத்தில் இருக்கின்றன. பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. நான் உட்கார முடியாமல் போன அந்த ஷெர்மன் வழக்கை அதில்தான் தொடர்கிறேன். ஜூரி முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.