க்ரூஸ் கண்ட்ரோல் செட் ஆக மாட்டேங்குது, வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்குக் கிளம்பணும்

தாமிரபரணி
பெங்களூருக்குப் புதுசு. ஊர்ல இருந்த காரை ஓட்டிட்டு வந்து மகாதேவபுரா பக்கம் ஒரு அப்பார்ட்மெண்ட்ல குடியிருக்கோம். சனிக்கிழமை திருநெல்வேலியில தங்கச்சிக்கு நிச்சயம். அப்பா அம்மாவை ஏத்திக்கிட்டு வெள்ளி ராத்திரி கிளம்பணும். க்ரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே செட் பண்ணின வேகத்துல ஓட வைக்கிறது) வேலை செய்யல. பட்டனை அமுக்கினா மீட்டர்ல விளக்கு வருது, வேகத்தை செட் பண்ணா எடுக்க மாட்டேங்குது. ஒரு கராஜ்ல காட்டினேன், இ.சி.யூ. (காரோட கம்ப்யூட்டர்) போயிடுச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. தொகையைக் கேட்டதுல இருந்து வீட்ல யாருக்கும் நிம்மதி இல்ல. கன்னடம் தெரியாது, இங்க பழக்கமான ஆளும் இல்ல. இ.சி.யூ.வை மாத்தித்தான் ஆகணுமா? யாராவது சொல்லுங்க.

பெல்லந்தூர்வாசி
வண்டி தமிழ்நாட்டு நம்பர்தானே? அதை முதல்ல கவனிங்க. வேற மாநிலத்து வண்டியை 12 மாசத்துக்கு மேல இங்க வச்சிருந்தா, மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி கர்நாடகப் பதிவு எண் வாங்கணும். ஊர் ஆர்.டி.ஓ.வுல படிவம் 28 கொடுத்துத் தடையின்மைச் சான்று, கடன் இருந்தா பேங்க்ல தனியா ஒரு சம்மதக் கடிதம், இங்க படிவம் 27, அப்புறம் வாழ்நாள் வரி. அங்க கட்டின வரியில மிச்சக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேக்கலாம், இங்க கட்டின ரசீது கையில இருந்தாத்தான். வாடகை ஒப்பந்தம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, இங்க வந்த நாளைக் காட்டுற டோல் ரசீது எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க.

அல்சூர் அக்கா
அந்தத் தம்பி கேட்டது நம்பர் பிளேட்டைப் பத்தி இல்லையே.
தம்பி, எந்த வேகத்துல செட் பண்றீங்க? 30, 40 கிலோமீட்டருக்குக் கீழ பெரும்பாலான கார்ல எடுக்காது. ஊருக்குள்ள பார்த்துட்டு வேலை செய்யலன்னு முடிவு பண்ணாதீங்க. மேனுவலா இருந்தா ஒண்ணாவது கியர்லயும் எடுக்காது. இன்னொண்ணு, சில கார்ல ஒரே பட்டன்ல க்ரூஸும் இருக்கும், வேக வரம்பும் இருக்கும். வேக வரம்புல இருந்தா மீட்டர்ல விளக்கு வரும், நம்பர் வரும், ஆனா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தா வண்டி தளர்ந்துடும். நீங்க சொல்றது அப்படியே அந்த மாதிரி இருக்கு. மீட்டர்ல வர்ற படத்தை மேனுவல் புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க.

ஹொசூர் ரோடு
ஃபியூஸ்தான். டாஷ்போர்டுக்குக் கீழ ஃபியூஸ் பெட்டி இருக்கும், மூடியோட உள்பக்கம் படம் இருக்கும். க்ரூஸ், ஸ்டாப் லேம்ப் (பிரேக் விளக்கு)னு போட்டிருக்கிறதைப் பிடுங்கிப் பாருங்க, கம்பி அறுந்திருந்தா அதே ஆம்பியர்ல புதுசு போடுங்க. 10 இருந்த இடத்துல 20 போட்டுடாதீங்க, ஃபியூஸுக்குப் பதிலா ஒயர் எரியும்.

மீட்டர்பாக்ஸ்
க்ரூஸ் விளக்கு வருதுன்னா ஸ்டீயரிங் பட்டன்ல இருந்து சிக்னல் போகுது, அந்தப் பக்கத்து ஃபியூஸ் நல்லா இருக்கு. ஸ்டாப் லேம்ப் ஃபியூஸைப் பாக்கிறது சரி, ஆனா அதோட விடாதீங்க. எந்த வருஷ வண்டி? மேனுவலா ஆட்டோமேட்டிக்கா? மீட்டர்ல வேற மஞ்சள் விளக்கு எரியுதா? ஹாரன் அடிக்குதா? கடைசியா என்ன வேலை பார்த்தீங்க? இதெல்லாம் தெரியாம யாரு சொன்னாலும் அது யூகம்தான்.

கோரமங்களா
கராஜ்காரங்க சொன்னதை நம்பவே நம்பாதீங்க. இந்த ஊர்ல புதுசா வந்தவன்னு முகத்துல எழுதி ஒட்டியிருக்கும். வாடகைக்கு அட்வான்ஸ், தண்ணி டேங்கர், அப்பார்ட்மெண்ட்ல ரெண்டாவது வண்டிக்கு இடம் இல்ல, எல்லாத்துலயும் இதே கதை. க்ரூஸே இந்த ஊர்ல எதுக்கு? சில்க் போர்டு ட்ராஃபிக்ல நிக்கிறதுக்கு க்ரூஸ் வேணுமா?

பெல்லந்தூர்வாசி
எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறிட்டா அத்திப்பள்ளி வரைக்கும் பிரச்னை இல்ல. சில்க் போர்டு வரைக்கும் போறதுதான் வதை. வெள்ளிக்கிழமை ராத்திரின்னா இன்னும் மோசம்.

அல்சூர் அக்கா
கேட்டவர் பதட்டத்துல இருக்கார். ட்ராஃபிக் புலம்பலை வேற இடத்துல வச்சுக்கலாம்.

தாமிரபரணி
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். 2018 பெட்ரோல், மேனுவல். ஹாரன் நல்லா அடிக்குது. நாலு வழிச் சாலையில 80-ல அஞ்சாவது கியர்ல செட் பண்ணித்தான் பார்த்தேன், எடுக்கல. வேக வரம்பு பட்டன் என் கார்ல இல்ல. இங்க வந்ததுல இருந்து காலையில பேட்டரி இறங்கிடுது, வேற பேட்டரியில ஒயர் கொடுத்து ஜம்ப் பண்ணித்தான் ஸ்டார்ட் பண்றேன். புதுப் பேட்டரியும் போட்டாச்சு, அப்பவும் அப்படித்தான். அது வேற பிரச்னைன்னு எழுதல. ஜம்ப் பண்ணினதுக்கு அப்புறம் ஒரு கார் வழுக்கிற மாதிரி மஞ்சள் விளக்கு எரியுது.

ஹொசூர் ரோடு
மேனுவலா? அப்போ கிளட்ச் ஸ்விட்ச். கிளட்ச் மிதிக்காம ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க, ஆச்சுன்னா ஸ்விட்ச் போச்சுன்னு அர்த்தம்.

மீட்டர்பாக்ஸ்
அந்த சோதனை இதுக்கு உதவாது. ஸ்டார்ட் பண்றப்ப கிளட்ச் மிதிக்கச் சொல்ற ஸ்விட்ச், பெடல் கீழ போய் முட்டுற இடத்துல இருக்கும். க்ரூஸை விடுவிக்கிற ஸ்விட்ச் பெடல் மேல வந்து நிக்கிற இடத்துல இருக்கும். ரெண்டும் வேற வேற.

தம்பி, பேட்டரி இறங்குறதுன்னு நீங்க விட்டுட்ட விஷயம்தான் இங்க முக்கியம். இ.சி.யூ.வைத் தொட விடாதீங்க. இதைச் செய்யுங்க:

ராத்திரி பேஸ்மெண்ட்ல சுவரைப் பார்த்துப் பின்பக்கத்தை நிறுத்துங்க. சாவியை எடுத்துடுங்க, எல்லா விளக்கும் அணையட்டும், பிரேக்கை மிதிக்காதீங்க. சுவர்ல சிவப்பு வெளிச்சம் விழுதா? விழுந்தா பிரேக் விளக்கு நிக்காம எரிஞ்சுட்டிருக்கு. அந்த விளக்குக்குப் பெரும்பாலான கார்ல பேட்டரியில இருந்து நேரா கரண்ட், சாவி இல்லாமலே எரியும். 21 வாட் பல்பு ரெண்டுன்னா 42 வாட், 12 வோல்ட்டுல 3.5 ஆம்பியர். பத்து மணி நேரத்துல 35 ஆம்பியர்-அவர் போயிடும். சின்னக் கார் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே கிட்டத்தட்ட அவ்வளவுதான். எத்தனை புதுப் பேட்டரி போட்டாலும் இறங்கத்தான் செய்யும்.

அடுத்தது, டிரைவர் பக்க ஃப்ளோர் மேட்டைத் தூக்கிப் பாருங்க. நொறுங்கின பிளாஸ்டிக் துணுக்கு, ரப்பர் துகள் ஏதாவது கிடக்கா?

காரணம் இதுதான். பிரேக் பெடல் தண்டுல ஒரு துளை இருக்கும், அதுல ஒரு ரூபாய்க் காசு அளவு ரப்பர் ஸ்டாப்பர் பொருத்தியிருக்கும். பெடல் மேல வந்து நிக்கிறப்ப அந்த ஸ்டாப்பர் பிரேக் ஸ்விட்சோட முள்ளை உள்ள அமுக்கி வைக்கும். முள் உள்ள இருந்தா "மிதிக்கல", வெளிய வந்தா "மிதிச்சாச்சு". அஞ்சாறு வருஷத்துல ரப்பர் இறுகி நொறுங்கிடும். அப்போ முள் அந்தத் துளை வழியா வெளிய நீட்டிட்டு நிக்கும். காரைப் பொறுத்தவரைக்கும் நீங்க எப்பவும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கீங்க. பிரேக் மிதிச்சிருக்கிறப்ப க்ரூஸை எடுக்கக் கூடாதுங்கிறது அதோட பாதுகாப்பு விதி. இ.சி.யூ. ஒழுங்கா வேலை செய்யுறதாலதான் க்ரூஸ் செட் ஆகல.

கோரமங்களா
ஸ்கேன் பண்ணாம இவ்வளவு உறுதியா சொல்றது சரியா? எல்.ஈ.டி. பல்பு மாத்தியிருந்தாலும் இப்படி ஆகும்.

மீட்டர்பாக்ஸ்
எல்.ஈ.டி. போட்டா சில கார்ல பல்பு அறுந்ததா கணக்குப் பண்ணி க்ரூஸை நிறுத்தும், உண்மைதான். ஆனா அது பேட்டரியை இறக்காது. ஸ்கேனும் பண்ணலாம், தப்பில்ல. ஓ.பி.டி. கருவியில (கார் கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு எண்ணைப் படிக்கிறது) பி0571, பி0504, பி0703 வந்தா பிரேக் ஸ்விட்ச் பக்கம். பி0704 கிளட்ச் ஸ்விட்ச். பி0500 வேக சென்சார். கோளாறு எண் வராமலும் போகலாம், அதனால லைவ் டேட்டாவுல (அந்தந்த நொடி நிலவரம்) பிரேக் ஸ்விட்ச் நிலையைப் பாக்கச் சொல்லுங்க. காலை எடுத்த பிறகும் "ஆன்"னு காட்டினா முடிஞ்சது. கராஜ்ல "மொதலு ஸ்கேன் மாடி"ன்னு (முதல்ல ஸ்கேன் பண்ணுங்க) சொன்னா போதும். எதை மாத்தினாலும் "ஹளே பார்ட் வாபஸ் கொடி"ன்னு (பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுங்க) கேட்டு வாங்குங்க.

தாமிரபரணி
அண்ணே, சுவர் முழுக்க சிவப்பு. மேட்டுக்குக் கீழ நீல நிறத்துல நொறுங்கின துண்டுகள் கிடக்கு. வாட்ச்மேன் "உங்க வண்டியில லைட் எரியுது சார்"னு தினமும் சொல்லிட்டிருந்தாராம், எனக்கு அந்த இந்தி புரியல. இப்போ என்ன வாங்கணும், எங்க வாங்கணும்?

மீட்டர்பாக்ஸ்
இன்னைக்கே சரி பண்ணுங்க. க்ரூஸை விடுங்க, பிரேக் விளக்கு எப்பவும் எரிஞ்சா நீங்க நிஜமா பிரேக் பிடிக்கிறது பின்னாடி வர்ற லாரிக்குத் தெரியாது. அப்பா அம்மாவை வச்சுக்கிட்டு ராத்திரியில அப்படி ஓட்டக் கூடாது.

சாமான் பேரு "பிரேக் பெடல் ஸ்டாப்பர் ரப்பர்". மிகச் சொற்ப விலை. உங்க கம்பெனி சர்வீஸ் சென்டரோட பார்ட்ஸ் கவுண்டர்ல ஆர்.சி. காட்டினா சேசிஸ் நம்பரை வச்சு எடுத்துத் தருவாங்க. இல்லேன்னா உதிரி பாகக் கடைங்க இருக்கிற ஜே.சி. ரோடு. மெட்ரோவுல மெஜஸ்டிக்ல பச்சை வழித்தடத்துக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்ல இறங்கிப் போங்க, அங்க வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம். நொறுங்கின துண்டைக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. கிளட்ச் பெடலுக்கும் சேர்த்து ரெண்டு வாங்குங்க. அதே வயசு, அதே ரப்பர், அடுத்தது அதுதான் நொறுங்கும்.

மாட்டுறது: சீட்டைப் பின்னாடி தள்ளி, டார்ச்சோட தலையைக் கீழ விட்டா பெடல் தண்டும் ஸ்விட்சும் தெரியும். பெடலைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஸ்டாப்பரோட காம்பைத் துளையில வச்சு "க்ளிக்"னு உக்காரும் வரை அழுத்துங்க. தட்டையான முகம் ஸ்விட்ச் பக்கம் பார்க்கணும். பெடலை விட்டதும் விளக்கு அணையணும்.

அணையலேன்னா ஸ்விட்சும் போயிருக்கலாம். நாலு பின் ஸ்விட்ச்ல ஒரு ஜோடி விளக்குக்கு, ஒரு ஜோடி க்ரூஸுக்கு, ரெண்டும் எதிரெதிரா வேலை செய்யும். மல்டிமீட்டர்ல முள்ளை அமுக்கினா விளக்கு ஜோடி துண்டாகி, க்ரூஸ் ஜோடி இணையணும். மரை உள்ள ஸ்விட்சுன்னா, அதோட முனைக்கும் ஸ்டாப்பருக்கும் நடுவுல 1 முதல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நட்டை இறுக்குவாங்க, உங்க காருக்கான அளவை சர்வீஸ்ல கேளுங்க. விளக்கு அணையணும்னு ஸ்விட்சை ரொம்ப உள்ள திருகினா அது பெடலையே தள்ளும், பிரேக் லேசாப் பிடிச்சபடியே ஓடி டிஸ்க் சூடேறும்.

ஹொசூர் ரோடு
கடை கிடைக்கலேன்னா அந்தத் துளையில ஒரு காசை ஃபெவிக்விக் போட்டு ஒட்டுங்க.

மீட்டர்பாக்ஸ்
வேண்டாம். சூட்டுல ஒட்டு விட்டு, காசு பெடலுக்குக் கீழ உருண்டா ஆபத்து. அவசரத்துக்குத் துளைக்குப் பொருந்துற குட்டையான போல்ட், தலைப் பக்கம் அகலமான வாஷர், மறுபக்கம் நைலான் வச்ச லாக் நட். போல்ட் தலை ஸ்விட்ச் பக்கம் இருக்கணும். ஊருக்குப் போயிட்டு வந்ததும் ரப்பரை வாங்கிப் போட்டுடுங்க.

வழுக்கிற மாதிரி விளக்குக்கு: எஞ்சினை ஓட விட்டு ஸ்டீயரிங்கை முழுசா இடது, முழுசா வலது திருப்பி, மெதுவா நேரா கொஞ்ச தூரம் ஓட்டுங்க. பேட்டரி இறங்கினதால நிலை மறந்த ஸ்டீயரிங் சென்சார் பல கார்ல இப்படிச் சரியாகும். அணையலேன்னா சக்கர வேக சென்சாரைப் பார்க்கச் சொல்லுங்க. அந்த விளக்கு எரியுற வரைக்கும் ஸ்டாப்பர் போட்டாலும் க்ரூஸ் எடுக்காம இருக்கலாம்.

தாமிரபரணி
ரப்பர் கிடைச்சுது, ரெண்டு பெடலுக்கும் மாட்டிட்டேன். பிரேக் விளக்கு அணைஞ்சிருச்சு. ஸ்டீயரிங்கைத் திருப்பி ஓட்டினதும் மஞ்சள் விளக்கும் போச்சு. 80-ல செட் ஆச்சு. பெரிய நன்றி அண்ணே, அக்கா, எல்லாருக்கும். வெள்ளிக்கிழமை சேலம், கரூர், திண்டுக்கல், மதுரை வழியாப் போறோம்.

மீட்டர்பாக்ஸ்
கிளம்புறதுக்கு முன்னாடி க்ரூஸ்ல ஓடுறப்ப பிரேக்கை லேசாத் தொட்டு விடுபடுதான்னு பாருங்க, அப்புறம் கிளட்சைத் தொட்டுத் தனியாப் பாருங்க. ரெண்டும் விடுவிக்கணும். தர்மபுரி தாண்டி தொப்பூர் கணவாய் இறக்கத்துல க்ரூஸை அணைச்சிடுங்க, சாதாரண க்ரூஸுக்கு பிரேக் போடத் தெரியாது, இறக்கத்துல வேகம் செட் பண்ணினதைத் தாண்டும். மூணாவது கியர்ல இறங்குங்க. மழை பெய்தாலும் வேண்டாம்.

அல்சூர் அக்கா
ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தி இறங்குங்க தம்பி. க்ரூஸ்ல கால் சும்மா இருக்கும், கண்ணைச் சொக்கும்.