எஞ்சின் மாற்றத்திற்கு ‘ஒட்டு’ என்னும் சொல்

கலைச்சொல் குழுமத்தாருக்கு வணக்கம்.

ஒரு காரின் எஞ்சினை இறக்கிவிட்டு வேறொரு வகைக் காரின் எஞ்சினை அதில் ஏற்றுவதற்குப் ‘பொறிமாற்று’ என்னும் சொல் இங்கே முன்மொழியப்பட்டிருக்கிறது. என்னால் அதை ஏற்க இயலவில்லை. பெட்ரோல் எஞ்சினைப் பற்றி எழுதுகிறவர் பிளக்கில் தெறிக்கும் பொறியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஒரே பத்தியில் இரண்டு பொறிகள் வந்தால் படிப்பவர் இடறுவார். அதைவிடப் பெரிய குறை ‘மாற்று’ என்பதில் இருக்கிறது. தேய்ந்துபோன எஞ்சினுக்குப் பதிலாக அதே வகையில் இன்னொன்றை வைப்பதும் மாற்றுதான். பட்டறையில் இரண்டையும் ‘எஞ்சின் மாத்துறது’ என்றே சொல்கிறார்கள். வண்டி கண்ணெதிரே நிற்பதால் அவர்களுக்குக் குழப்பமில்லை. எழுத்தில் படிப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

சென்ற மாதம் கும்பகோணத்தை அடுத்த ஒரு பட்டறையில், பிரீமியர் பத்மினி என்னும் பழைய கார் ஒன்றில் மாருதி ஈக்கோ வேனின் எஞ்சினை ஏற்றுவதை அரைநாள் நின்று பார்த்தேன். பத்மினியின் சொந்த எஞ்சின் 1,089 சிசி. ஏற்றியது 1,196 சிசி. இரண்டு வண்டிகளுமே பின்சக்கரத்தால் ஓடுபவை, இரண்டிலும் எஞ்சின் நீளவாக்கில் நிற்பது என்பதால் வேலை எளிது என்று நினைத்திருந்தேன். மேஸ்திரி அட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்துத்தான் எஞ்சின் தாங்கிகளுக்கு அளவெடுத்தார். எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் ஆயில் சம்ப், வண்டியின் குறுக்குச் சட்டத்தில் இடிக்கவே, அன்று மூன்று முறை எஞ்சினைச் சங்கிலியில் தூக்கி இறக்கினார்கள். கியர்பெட்டியின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை, புதிய கியர்பெட்டியின் நீளத்திற்கேற்ப அறுத்துப் பற்றவைத்து, அதிராமல் சுழலும்படி சமன்பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் கம்பிக்கு வேலையில்லாமல் போனதால், புதிய கியர் கம்பிக்காகத் தரையில் துளை போட்டார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரை நம்பி ஓடிய வண்டிக்குள், புதிய எஞ்சினை இயக்கும் கணினிப்பெட்டியும், அது கேட்கும் அழுத்தத்தில் பெட்ரோல் தரும் மின்பம்பும் வந்து சேர வேண்டும்.

இந்த வேலையின் உயிர் முழுவதும் இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் நிற்கும் ஒட்டுமாவைப் பாருங்கள்: வேர் ஒரு மரத்தினுடையது, கிளையும் காயும் இன்னொரு மரத்தினுடையவை, பிழைப்பதும் பட்டுப்போவதும் இரண்டும் கூடிய அந்த முடிச்சைப் பொறுத்தவை. ஆகவே இச்செயலுக்கு ‘எஞ்சின் ஒட்டு’ என்றும், ஏற்றப்படுவதற்கு ‘ஒட்டெஞ்சின்’ என்றும் பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. ஒட்டுக்குச்சி தரும் மரத்தைத் தாய்மரம் என்பதுபோல, எஞ்சினைத் தந்த வண்டி ‘தாய்வண்டி’ ஆகும்.

‘நடவு’ என்று ஒரு நண்பர் சொன்னது டெல்டாக்காரனான எனக்கு இனிக்கத்தான் செய்தது. ஆனால் நாற்றங்காலில் பறித்த நாற்றை வயலில் நடும்போது மண்தான் மாறுகிறது, பயிர் முழுதாக அப்படியே இருக்கிறது. இங்கோ இரண்டு வண்டிகளின் பகுதிகள் ஒன்றாகக் கூடுகின்றன.

எல்லை எங்கே என்று கேட்பீர்கள். மோரிஸ் மைனர் காரில், அதன் சொந்த எஞ்சினைப் போலவே ‘ஏ’ என்னும் எஞ்சின் வரிசையைச் சேர்ந்த 1,275 சிசி எஞ்சினை வைப்பவர்கள் உண்டு. ஒரே குடும்பத்து எஞ்சின் என்பதால் அதை மாற்று என்றே சொல்லலாம். ஃபியட் 124 காரின் உடலில் நிசானின் 1,171 சிசி எஞ்சினோடு வந்த பிரீமியர் 118 என்இ கார், தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டிருந்தாலும், ஒட்டுதான். புதிதாக ஒரு சேர்மானத்தை உருவாக்க வேண்டியிருந்ததா என்பதே நான் வைக்கும் அளவுகோல்.

இந்த வேறுபாடு பட்டறையோடு நின்றுவிடுவதில்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தமிழில் மனு எழுதுகிறவர் ‘எஞ்சின் மாற்றம்’ என்று மட்டும் எழுதினால், அதே வகை எஞ்சினா வேறு வகையா என்பதை விளக்க இன்னும் இரண்டு வரி எழுத வேண்டியிருக்கிறது.

வினைச்சொல்லில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ‘எஞ்சினை ஒட்டினார்’ என்றால் பசை நினைவுக்கு வரும். தோட்டக்காரர்கள் ‘ஒட்டுக் கட்டுவது’ என்பார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம். ‘பத்மினியில் ஈக்கோ எஞ்சினை ஒட்டுக் கட்டியிருக்கிறார்கள்’ என்று அந்த மேஸ்திரியிடம் சொல்லிப் பார்த்தேன். எந்த விளக்கமும் கேட்காமல், ‘ஒட்டு இன்னும் பிடிக்கலை, ஷாஃப்ட்டு அதிருது’ என்றார்.