பக்கை மிட்டாய்: சாக்லேட் ஓடு வெடிப்பதும் வெள்ளைக் கோடு படிவதும் ஏன்?

கொலம்பஸ்வாசி:

அனைவருக்கும் வணக்கம். ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகருக்கு நாங்கள் குடிவந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் அண்டை வீட்டார் தகர டப்பாக்களில் இனிப்பு கொண்டுவந்து கொடுப்பார்கள்; அவற்றுள் தவறாமல் இருப்பது பக்கை என்னும் மிட்டாய். பீனட் பட்டரை உருண்டையாகப் பிடித்து, உச்சியில் ஒரு வட்டம் மட்டும் வெளியே தெரியும்படி சாக்லேட்டில் தோய்த்து எடுப்பது அது. வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்துப் பழக்கமில்லாததால், இந்த முறை நானே அதைச் செய்து நிரப்பித் தரலாம் என்று துணிந்தேன்.

கடலையும் உப்பும் மட்டும் சேர்ந்த, எண்ணெய் மேலே மிதக்கும் வகைப் பீனட் பட்டரை வாங்கி, வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து உருட்டி, இரவு முழுவதும் உறைபெட்டியில் வைத்திருந்தேன். மறுநாள் சாக்லேட் சிப்ஸை மைக்ரோவேவில் உருக்கித் தோய்த்தேன். பல்குச்சியிலிருந்து பாதி உருண்டைகள் வழுக்கிச் சாக்லேட்டுக்குள்ளேயே விழுந்தன. மற்றவற்றின் ஓடு அரை மணி நேரத்துக்குள் வெடித்து எண்ணெய் கசிந்தது. இரண்டாம் நாள் எல்லாவற்றின்மேலும் வெள்ளைக் கோடுகள் படிந்திருக்க, பூஞ்சை பிடித்துவிட்டது என்று எண்ணி என் மாமியார் ஒரு தட்டு முழுவதையும் குப்பையில் கொட்டிவிட்டார். நான் எங்கே தவறினேன் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அடுப்பங்கரை:

உங்கள் மாமியார் கொட்டியது நல்ல மிட்டாய்தான் என்பதை முதலில் வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த வெள்ளைக் கோடு பூஞ்சை அன்று. அதன் காரணத்தைச் சாக்லேட் அறிந்தவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள் என்பதால், நான் உருண்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எண்ணெய் பிரியும் பீனட் பட்டர் ரொட்டியில் தடவிச் சாப்பிட மிகச் சிறந்தது. இந்த மிட்டாய்க்கு உதவாது. கடைகளில் கிடைக்கும் வழுவழுப்பான வகைகளில் எண்ணெய் பிரியாமலிருக்கச் சிறிதளவு கெட்டிக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள், உருண்டை தன் வடிவத்தில் நிற்பதற்கு அதுவே துணை செய்கிறது. நான் 190 கிராம் பீனட் பட்டர், அறை வெப்பத்தில் இளகிய வெண்ணெய் 115 கிராம், பொடித்த சர்க்கரை 360 கிராம், கால் தேக்கரண்டி உப்பு, சில துளி வெனிலா என்ற அளவில் சேர்ப்பேன். ஒவ்வொன்றும் 15 கிராம் எடையில் உருட்டினால் நாற்பதுக்குச் சற்று மேல் வரும். சர்க்கரை மிகையாகத் தோன்றும். ஆனால் நம் கடலை உருண்டையைப் பாகு கட்டி நிறுத்துவதுபோல இங்கே கட்டி நிறுத்துவதற்குச் சர்க்கரைப் பொடியைத் தவிர வேறு எதுவும் இல்லை. வீட்டு மிக்ஸியில் அரைத்த சர்க்கரை நாவில் நறநறக்கும் என்பதால், சோளமாவு கலந்து மிக நைசாக விற்கும் பொடியையே வாங்குங்கள். சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகச் சேர்த்து, உள்ளங்கையில் ஒட்டாமலும் அழுத்தினால் விளிம்பு பிளக்காமலும் இருக்கும் பதத்தில் நிறுத்திவிடுங்கள்.

உறைபெட்டியில் இரவு முழுவதும் வைத்ததே ஓடு வெடித்ததற்குக் காரணம். உறைந்த உருண்டை அறைக்கு வந்ததும் மெல்ல விரிகிறது. வெளியே இருக்கும் சாக்லேட்டோ இறுகும்போது சுருங்குகிறது. உள்ளே விரிவும் வெளியே சுருக்கமும் சேர்ந்தால் ஓடு எப்படித் தாங்கும்? குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து, தோய்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள்.

புதிதாக வந்தவர் என்பதால் ஒன்று: மிட்டாய்க்குப் பெயர் தந்த பக்கை மரம் 1953 முதல் ஒகையோவின் மாநில மரம். அதன் விதை கரும்பழுப்பாக, ஒரு வெளிறிய புள்ளியுடன், ஆண் மானின் கண்ணைப் போல இருக்கும். பூங்காக்களில் உதிர்ந்து கிடக்கும் அந்த விதை நச்சுத்தன்மை உடையது; குழந்தைகள் மிட்டாய் நினைவில் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோக்கோபித்தன்:

வெள்ளைக் கோட்டுக்கு வருகிறேன். கோக்கோ வெண்ணெய் இறுகும்போது ஆறு வகைப் படிகங்களாக அமையக்கூடியது. அவற்றுள் ஐந்தாவது வகை மட்டுமே பளபளப்பையும், கடிக்கும்போது வரும் ‘டக்’ என்ற ஒலியையும், ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில் வாயில் கரையும் குணத்தையும் தருகிறது. நீங்கள் மைக்ரோவேவில் உருக்கியபோது இருந்த படிகங்கள் அனைத்தும் கலைந்துவிட்டன; தானாக ஆறவிட்டதும் நிலையற்ற வகைகள் உருவாகி, நாளடைவில் அவை மாறும்போது கொழுப்பு மேலே வந்து வெண்மையாகப் படிந்தது. இதைத் தவிர்க்கும் முறைக்குத்தான் டெம்பரிங் என்று பெயர்.

வீட்டில் எளிய வழி இது. சிப்ஸ் வேண்டாம், அடுப்பில் வடிவம் கெடாமலிருக்க அவற்றில் கோக்கோ வெண்ணெய் குறைவாக வைத்திருப்பதால், உருகினாலும் களிபோலக் கெட்டியாகவே நிற்கும். நல்ல டார்க் சாக்லேட் கட்டியைப் பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்த கிண்ணத்தில் 45 டிகிரி வரை உருக்குங்கள். இறக்கிவைத்து, மீதி ஒரு பங்கைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 31 அல்லது 32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். தயிருக்கு உறை ஊற்றுவதைப் போன்றதுதான் இதுவும்: கடைசியில் போட்ட துண்டுகளில் உள்ள நல்ல படிகங்கள், உருகியதையும் தம் வழிக்கு இழுக்கின்றன. கத்தி முனையில் தொட்டுவைத்தது ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் தோய்க்கத் தொடங்கலாம். வெப்பமானி இல்லாமல் இதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு சொட்டு நீரோ ஆவியோ பட்டாலும் சாக்லேட் திரிந்து மணல்போல ஆகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

மாலைச்சிற்றுண்டி:

ஒரு டப்பா மிட்டாய்க்கு இவ்வளவு பாடு தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. கோக்கோ வெண்ணெய்க்குப் பதிலாகப் பனைவிதைக் கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட் கிடைக்கிறது. அதை உருக்கித் தோய்த்தாலே போதும், டெம்பரிங் வேண்டியதில்லை. இன்னொன்று, அண்டை வீடுகளுக்குக் கொடுக்கும்போது டப்பாவின்மேல் ‘நிலக்கடலை உள்ளது’ என்று தெளிவாக எழுதி ஒட்டுங்கள். சிலருக்கு அந்த ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகும்.

கோக்கோபித்தன்:

ஒட்டுச்சீட்டைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. காம்பவுண்டும் தவறில்லை, ஆனால் அது நாவில் மெழுகுபோலப் படிவதை, ஏற்கெனவே கொழுப்பு மிகுந்த பீனட் பட்டருடன் சேர்த்து உண்ணும்போது நன்றாகவே உணர முடியும். எதைத் தேர்ந்தாலும் இரண்டையும் கலக்காதீர்கள். கொழுப்புகள் ஒத்துப்போகாமல் ஓடு இளகிவிடும்.

கொலம்பஸ்வாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று மீண்டும் செய்தேன். நாற்பத்திரண்டு உருண்டைகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை, பளபளப்பும் இன்று காலைவரை மாறவில்லை. எண்ணெய் பிரியாத பீனட் பட்டரும் பத்து நிமிடக் காத்திருப்புமே பெரும்பாதி வேலையை முடித்துவிட்டன என்று நினைக்கிறேன். நேற்றும் தொடக்கத்தில் சாக்லேட் 34 டிகிரியில் இருந்தபோதே அவசரப்பட்டுத் தோய்த்த ஆறு உருண்டைகளில் மட்டும் மங்கல் தெரிகிறது; அவற்றை வீட்டுக்கு ஒதுக்கிவிட்டேன், மாமியாரும் இம்முறை தடுக்கவில்லை. குச்சி குத்திய துளை மட்டும் உச்சியில் தெரிகிறது. அதை எப்படி மறைக்கிறீர்கள்?

அடுப்பங்கரை:

சாக்லேட் இறுகியபின், நுனிவிரலால் துளையைச் சுற்றி மெல்ல அழுத்தி வழித்துவிட்டால் மூடிக்கொள்ளும். விரலில் சாக்லேட் ஒட்டியிருந்தால் வெளிறிய வட்டத்தில் கறை விழும். ஒவ்வொரு முறையும் துடைத்துக்கொள்ளுங்கள்.