விக்கிரமசிங்கபுரத்தில் சிக்னல் சிக்கல்: நிறுவனத்தை மாற்றுவதா, கைபேசியையா?

விக்கிரமசிங்கபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் மூன்று மாதங்களாகக் கைபேசி அழைப்புகள் பாதியிலேயே துண்டிக்கப்படுகின்றன. சென்னையிலிருந்து மகள் அழைக்கும்போதெல்லாம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே, மலையைப் பார்த்து நின்றால்தான் இரண்டு கோடுகளாவது தெரிகின்றன. கைபேசி 2019இல் வாங்கிய 4ஜி கருவி. நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமைத்தேன், சிம்மையும் புதிதாக மாற்றினேன், பயனில்லை. என் சிம்மைத் தம்பியின் புதிய 5ஜி கைபேசியில் போட்டபோது வீட்டுக்குள்ளேயே ஓரளவு பேச முடிந்தது. ஆனால் அவருடைய சிம், அது வேறு நிறுவனத்துடையது, என் பழைய கைபேசியிலும் தடையின்றி இயங்கியது என்பதுதான் குழப்பம். 1900க்கு 'போர்ட்' செய்தி அனுப்பி, வங்கியிலும் ஆதாரிலும் உள்ள இதே எண்ணுடன் வேறு நிறுவனத்துக்கு மாறலாம். மாறியபின் 90 நாட்களுக்கு மீண்டும் மாற முடியாது என்பதே தயக்கம். பாபநாசம், அம்பாசமுத்திரம் பகுதியில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: முதலில் எதை மாற்றுவது?